ஓட்டை குறைந்த தகடுகள்

தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது வரை வாய் வந்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் "தெரியும் சார்" என்பதுதான் பதில். லாரி ஓட்டுவியா? தெரியும் சார். (கிளீனர் சீட்டில் உட்கார்ந்து நாசிக் வரை போயிருக்கிறேன்.) வெல்டிங்? தெரியும் சார். (பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக் கண் எரிந்திருக்கிறது.) இந்தி? தெரியும் சார். (திட்டு வாங்கும் அளவுக்கு.) அந்தப் பதில் பல ஊர்களில் எனக்குச் சோறு போட்டது. ஒரே ஒரு முறை மட்டும், வெள்ளை ஜிப்பாவில் வந்த ஒரு பெரிய மனிதரைத் தலை முதல் கால் வரை பாலில் குளிப்பாட்டியது. எனக்கு மாமனார் ஆவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அத்தா இறந்தார். புத்தகப் பையை வீட்டில் வைத்துவிட்டு, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் சேர்ந்தேன். எஞ்சினைச் சுற்றிக் கொதித்து வரும் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும். குழாய்களுக்கு நடுவே, சிகரெட் பெட்டி ஜிகினாவை மடித்து வைத்ததுபோல் சன்னத் தகடுகள். எதிரே அடிக்கும் காற்று அந்தத் தகடுகளில் பட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். காற்றும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது. சூடு மட்டும் சுவர் தாண்டும். பட்டறையில் எங்களுக்கு வேலை மூன்று: அடைத்த குழாயைக் குத்துவது, ஒழுகும் குழாயை ஈயம் வைத்து அடைப்பது, கடைசியில் காரம் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது. கடைசி வேலைதான் முக்கியம். பளபளப்பைப் பார்த்துவிட்டால் லாரிக்காரர் கேள்வி கேட்க மாட்டார்.

கொஞ்ச நாளில் கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். சூரத்தில் ஒரு சாயப் பட்டறை. அங்கே குழாய்க்குள் குழாய்: உள்ளே சூடான சாயம், வெளியே பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே லாரி டேங்கர் போலப் படுத்துக் கிடக்கும் ஒரு பெரிய உருளை. அதற்குள் இடியாப்பம் பிழிந்ததுபோல் நீளநீளமாகக் குழாய்கள். குழாய்க்குள் ஒரு திரவம், குழாய்களைச் சுற்றி இன்னொரு திரவம். சுற்றி வருவது நேராக ஓடிவிடாமல் வளைந்து வளைந்து எல்லாக் குழாயையும் தொட்டுப் போக, நடுநடுவே தடுப்புகள். ஆலையை நிறுத்தும்போது நீளக் கம்பியில் பிரஷ் கட்டி ஒவ்வொரு குழாயாகக் குத்துவது என் வேலை. தோளும் முதுகும் கழன்று போகும். ராத்திரி கைகள் தானாக முன்னும் பின்னும் ஆடும் என்று பக்கத்துப் பாயில் படுத்தவன் சொல்வான்.

இத்தனையும் பார்த்தபின் எனக்குள் ஒரு தத்துவம் பிறந்தது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், நடுவில் சுவர். இதற்குப் போய் எதற்குப் படிப்பு?

தத்துவம் தப்பில்லை. அதற்கு மேலும் கொஞ்சம் இருந்தது என்பதுதான் பிரச்சினை.

ஊர் சுற்றி அலுத்து, பொழிச்சலூரில் அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசும் வீடு அது. அக்கா ஜீனத் என்னைத் திட்டும்போதுகூட விமானத்துக்கு வழிவிட்டுத்தான் திட்டுவாள். அவள் கணவர், என் மச்சான் காதர், செம்பாக்கத்தில் ஒரு சின்ன பால் பண்ணையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் கறக்கும் பால் அங்கே வரும். காய்ச்சி, குளிர வைத்து, பாக்கெட் போட்டு அனுப்புவார்கள். மச்சான் சொல்லி எனக்கும் அங்கே தற்காலிக எடுபிடி வேலை கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் நஸ்ரின் வீட்டில் பேச்சு எடுத்தார்கள். நஸ்ரினின் அத்தா ஹமீது பாய் தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்வீட் கடை வைத்திருந்தார். எங்கள் பண்ணைப் பாலில்தான் அவர் கடை பால்கோவா. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. (ஏன் என்று இன்று வரை கேட்டதில்லை. கேட்டால் அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.) அவள் அத்தாவுக்கு மட்டும் ஒரே ஒரு சங்கடம்.

"பையன் நல்லவன்தான், காதரு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கி எந்த ஊர்ல கீறான்னு அவனுக்கே தெரியாதே! மொதல்ல ஒரு எடத்துல நிக்கட்டும். வேல நிரந்தரமாவட்டும். அப்பால பேசிக்கலாம்."

நின்றேன். எனக்கே ஆச்சரியமாக, மாதக்கணக்கில் நின்றேன். பேருந்து நிலையத்தில் வெளியூர்ப் பலகைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அந்த வருடம் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. பெருநாள் நெருங்க நெருங்கப் பால் கேட்டு ஆர்டர் குவிந்தது. பண்ணையின் உயிர்நாடி ஒரு தகட்டு மிஷின். பாலைக் காய்ச்சிக் குளிர வைப்பது அதுதான். அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. பால் போதிய அளவு ஆறாமல் வந்தது. உள்ளே பால் கருகி அப்பியிருக்கும், பிரித்துக் கழுவ வேண்டும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் முருகேசன் அண்ணன், தன் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பி நின்றார்.

முதலாளி செல்வின் சார் நல்ல மனிதர், பயந்த சுபாவம். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பிளேட் மிஷினைப் பிரிச்சுக் கழுவி மாட்டணும். உனக்கு இந்த மாதிரி ஹீட் எக்ஸ்சேஞ்சர்லாம் பழக்கம் உண்டா?"

"தெரியும் சார். ரேடியேட்டர், டியூப்னு எல்லாம் பாத்திருக்கேன்."

"இதை நல்லபடியா செஞ்சு காமிச்சிடு. உன்னைப் பெர்மனென்ட் பண்ணிடுறேன்."

முருகேசன் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார். "பயப்படாதலே. எல்லாம் மிஷின்லயே இருக்கு. பாத்தாலே தெரியும்." ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

பார்த்தாலே தெரியும் என்று சொன்னது ஒரு பிட்டர். பார்க்கப்போவது ஒரு ரேடியேட்டர்காரன். அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள் என்றிருந்த அன்று காலையில் மிஷினைத் திறந்தேன். முன்னாலும் பின்னாலும் கனத்த இரும்புப் பலகை. நடுவே ஆள் மார்பளவு உயரத்துக்கு எஃகுத் தகடுகள், புத்தகப் பக்கங்கள் போல நெருக்கமாக. நீளமான போல்ட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் மீன்முள் போல, அம்பு முனை ஒரு பக்கம் பார்க்க, அழுத்தி எடுத்த வரிகள். விளிம்பைச் சுற்றி கறுப்பு ரப்பர் கேஸ்கெட். மூலைகளில் ஓட்டை.

ஒவ்வொன்றாகக் கழற்றி, சிமென்ட் தரையில் அடுக்கினேன். ஒரே அடுக்கு தாங்காது என்று மூன்று அடுக்காக. எந்த அடுக்கில் எது முதலில் போயிற்று என்றா? கல்யாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கழுவும்போது யாராவது வரிசை பார்க்கிறார்களா?

பிறகு என் கைவண்ணத்தைக் காட்டினேன். தேய்த்தேன் பாருங்கள், அப்படித் தேய்த்தேன். கருகிய பாலெல்லாம் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் துளி சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எவனோ கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சிந்தித் தொலைத்திருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே, தின்னர் கொண்டுவந்து, துணியில் தொட்டு, கம்பி பிரஷ்ஷும் சேர்த்து ஒன்றுவிடாமல் துடைத்தேன். விரல் நகம் தேய்ந்தது. முருகேசன் அண்ணன் திரும்பி வந்து பார்த்தால் அசந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

தேய்த்து முடித்து நிமிர்ந்தபோதுதான் முதல் கலக்கம். பெரும்பாலான தகடுகளுக்கு நாலு மூலையிலும் ஓட்டை. சிலவற்றுக்கு மட்டும் மூன்று. ஒன்றிரண்டுக்கு இரண்டே இரண்டு.

நோன்பு மயக்கத்தில் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதேதான். யோசித்தேன். சூரத்தில் யோசித்தேன், தூத்துக்குடியில் யோசித்தேன், ஓட்டை குறைவான தகடு எங்கும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: கம்பெனிக்காரன் ஏமாற்றி டிஃபெக்ட் பீஸைத் தலையில் கட்டியிருக்கிறான்! அந்தத் தகடுகளையெல்லாம் பொறுக்கி, யார் கண்ணிலும் படாமல் கடைசியில் மாட்டினேன். முதலாளியின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி. மற்றவற்றை, கேஸ்கெட் பார்த்தபடி, எல்லா அம்பும் ஒரே திசையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல வரிசையாகத் தொங்கவிட்டேன். கண்கொள்ளாக் காட்சி.

இறுக்கினேன். இறுகவில்லை. ஸ்பேனருக்குப் பின்னால் குழாய் செருகித் தொங்கினேன். அரைகுறையாக இறுகியது. எலும்பெல்லாம் இது சரியில்லை என்றது. வாய் மட்டும், எட்டிப் பார்த்த செல்வின் சாரிடம், "முடிஞ்சிடுச்சு சார்" என்றது.

முதலில் வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அது எனக்கும் தெரியும். தண்ணீர் வால்வில் கைவைத்த நேரத்தில், வாசலில் மச்சானின் வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஹமீது பாய் இறங்கினார்.

கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பா, வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. அஸர் தொழுதுவிட்டு நேரே வந்திருந்தார். சாயங்காலப் பாலை எடுத்துப்போவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மச்சான் கண்ணால் சொன்னார்: மாப்பிள்ளை வேலை செய்யும் அழகைப் பார்க்க வந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, நீதான் இத கழட்டி மாட்னியாமே?"

"ஆமா மாமா." (மாமா என்று முதல் முறையாகக் கூப்பிட்டேன். அவர் ஆட்சேபிக்கவில்லை. அந்தத் தைரியம்தான் கெடுத்தது.)

"பெர்மனென்டு ஆயிட்ச்சா?"

செல்வின் சார் குறுக்கே வந்தார். "மிஷின் ஓடட்டும் பாய், இன்னைக்கே ஆர்டர் குடுத்துடுறேன். தம்பி, பால் ரொம்ப நேரமா நிக்குது. சீக்கிரம்."

என் வாழ்க்கை முழுதும் அந்த ஸ்விட்சில் வந்து நின்றது. அதை அழுத்தினால் வேலை, வேலை வந்தால் நஸ்ரின். தண்ணீர் ஓட்டி நேரம் கடத்தினால் வேலை தெரியாதவன்போல் இருக்குமே! நேரடியாகப் பால் பம்பைப் போட்டேன்.

ஹமீது பாய் மிஷினின் பக்கவாட்டில் குனிந்து, தகடுகளின் பளபளப்பை வியந்துகொண்டிருந்தார். "கண்ணாடி மாதிரி வெச்சிகீறியே..."

பம்பு உறுமியது. பால் உள்ளே போன சத்தம் கேட்டது. வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை. மிஷின் மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் முனகியது. பிறகு தகடுகளின் இடுக்குகளிலிருந்து, விசிறி விரித்ததுபோல், பால் நாலாபுறமும் சீறியது.

ஹமீது பாய் அலறவில்லை. அலற முடியாது. நோன்பாளி. ஒரு சொட்டு உள்ளே போனால் நோன்பு போயிற்று என்று உதடு இரண்டையும் உள்ளுக்கு மடித்துக் கடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடி, மூக்கை ஒரு கையால் பொத்தி, மறு கையைக் காற்றில் வீசி, "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்றார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கத்து இடுக்கு அவருக்காகவே காத்திருந்தது. தொப்பியிலிருந்து பால் ஓடியது. தாடியிலிருந்து பால் ஓடியது.

"ஐயோ கர்த்தரே! ஆஃப் பண்ணுப்பா!" செல்வின் சார் கத்தினார்.

மச்சான்தான் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். நான் அப்போது கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. கால்களுக்குப் பழக்கம். எங்கே சிக்கல் வந்தாலும் அவை என்னைக் கேட்காமலேயே பேருந்து நிலையம் கிளம்பிவிடும். மனம் அதற்குள் ஹூப்ளியா விஜயவாடாவா என்று பார்க்க ஆரம்பித்திருந்தது. ஆனால் தரையெல்லாம் பால். ரப்பர் செருப்பு ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். கணுக்கால் மடங்கி, கேட்டுக்கு இந்தப் பக்கமே தொப்பென்று விழுந்தேன்.

மச்சான் வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "எங்கடா ஓட்றே? நீ ஓடிட்டா உங்கக்கா என்னிய வூட்ல வெச்சிருப்பாளா? எந்திர்ரா, பேஜாரு!"

எழுந்தேன். காலை ஊன்ற முடியவில்லை. கண்ணெதிரே வீங்கியது. என்னை இழுத்துவந்து தலைகீழாகக் கவிழ்த்த பால் டப் மேல் உட்கார வைத்து, மிஷினுக்கு வரும் ஐஸ் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் காலை அதற்குள் விட்டார்கள். வீங்கிய காலின் சூடு, தோல் என்ற சுவர் வழியாக வாளித் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பண்ணையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே வெப்பப் பரிமாற்றி அதுதான்.

ஹமீது பாய் முகத்தைத் துண்டால் துடைத்து, உதட்டைத் துடைத்து, மறுபடி துடைத்து, ஒன்றும் உள்ளே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டபிறகே வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"நைட்டு என் கடைக்கிப் பாலு எப்பிடி வரும்?" என்றார்.

அது திட்டைவிட மோசமாக இருந்தது.

செல்வின் சார் தன் செல்போனில் முருகேசன் அண்ணனைப் பிடித்தார். மறுமுனையில் நாதஸ்வரம். இங்கே நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் பதில் கத்தலாக வந்தது. ஸ்பீக்கர் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

"எலே, கோட்டப் பாத்து மாட்டுனாப் போதுமேலே!"

"எந்தக் கோடுண்ணே?" என்றேன் போனை வாங்கி.

"செவப்புக் கோடு! மொத்தமா மாட்டி முடிச்சப்புறம் சைடுல குறுக்கால ஒரு கோடு இழுத்திருக்கம்லா? ஒவ்வொரு பிளேட் விளிம்புலயும் ஒரு பொட்டு இருக்கும். வரிசை சரியா இருந்தா கோடு நேரா வரும். ஒரு பிளேட் மாறுனாலும் கோடு உடைஞ்சிரும். பாத்தாலே தெரியும்னு சொன்னேம்லா?"

பெயின்டர் சிந்தியதாக நான் நினைத்த துளிகள் மனக்கண்ணில் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"அண்ணே... அத நான் சுத்தமா தேச்சுட்டேன்."

"எத?"

"கோட்ட."

"எல்லாத்தையுமா?"

"தின்னர் போட்டு."

"கெடுத்தியேலே!" என்று நாதஸ்வரத்தையும் மீறிக் கத்தினார்.

பிறகு முருகேசன் அண்ணன் பெருமூச்சு விட்டு, பந்திக்குப் போகாமல் மண்டபத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வரிசை அவருக்கு மனப்பாடம். போனில் அவர் சொல்ல, செல்வின் சார் அதைத் திருப்பிச் சொல்ல, டப் மேல் உட்கார்ந்து நான் தகட்டைப் பொறுக்க, மச்சான் மாட்ட வேண்டும். தகடுகளைக் கழற்றித் தூக்கிக் காட்ட இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்தோம். ஹமீது பாய் ஈர ஜிப்பாவின் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாக்குறீங்க? கடைக்கிப் பால் வேணாமா?"

"மொத பிளேட்டு, அம்பு மேல பாக்கட்டும்," என்றது போன்.

"அம்பு மேலே," என்றார் செல்வின் சார்.

"அடுத்தது அம்பு கீழ."

ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. கேஸ்கெட் ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு ஓட்டைகளை வளைத்து அடைத்து, மற்ற இரண்டை மட்டும் திறந்து விடுகிறது. தகட்டை மாற்றி மாற்றித் தலைகீழாக மாட்டினால், இந்தச் சந்தில் பால், அடுத்த சந்தில் வெந்நீர், அதற்கடுத்த சந்தில் மறுபடி பால். வரிகளும் எதிரும் புதிருமாக ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்ததில், பால் போகிற சந்து மட்டும்தான் இருந்தது. அதற்கும் வெளியேற வழியில்லை.

ரேடியேட்டரில் எந்தக் குழாயும் எந்தக் குழாய்க்கும் பதில் நிற்கும். இங்கே ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது. என் தத்துவத்தில் விட்டுப்போனது இதுதான்.

"இங்க ரெண்டு ஓட்ட பிளேட்ட மாட்டு," என்றது போன்.

"அது டிஃபெக்ட் பீஸ் இல்லியாண்ணே?"

"டிஃபெக்டா? எலே, அதுதாம்லே சொவரு! அங்க மோதித்தாம் பால் திரும்பணும். ஓட்ட இல்லாததுதாம் அதுக்கு வேல!"

ஹமீது பாய் அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லு. உள்ள இன்னாதான் நடக்குது?"

சொன்னேன். முருகேசன் அண்ணன் போனில் சொல்லச் சொல்லப் புரிந்திருந்ததையெல்லாம் பயத்தில் வாய் தானாகக் கொட்டியது. மிஷினில் மூன்று பகுதி. நடுப்பகுதியில் வெந்நீர் வந்து பாலைக் காய்ச்சும். கடைசியில் ஐஸ் தண்ணீர் வந்து குளிர வைக்கும். முதல் பகுதியில்தான் சூட்சுமம்: காய்ந்து திரும்பும் பால் ஒரு சந்தில், புதிதாக வரும் குளிர்ந்த பால் பக்கத்துச் சந்தில். காய்ந்தது தன் சூட்டைக் குளிர்ந்ததற்குக் கொடுத்துவிட்டுத் தானும் ஆறும். இரண்டுக்கும் பாதி வேலை விறகில்லாமல் முடிந்துவிடும். அதுவும் இரண்டும் எதிரெதிராக ஓட வேண்டும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் உரசிப்போவது மாதிரி. எதிரெதிரே போனால் கடைசிப் படி வரை புதுப்புது ஆள் மேல் உரசிக்கொண்டே போகலாம். சேர்ந்து ஒரே பக்கம் நடந்தால், சீக்கிரமே ரெண்டு பேருக்கும் ஒரே சூடு. அப்புறம் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அவர் தாடியில் காய்ந்துகொண்டிருந்த பாலைத் தடவியபடி கேட்டார்.

"அப்போ சூடானவன் குடுத்துட்டு ஆறிப்போறான். ஆறினவன் வாங்கிகினு சூடாவறான். ரெண்டு பேரும் எதிரும் புதிருமாத்தான் போவணும். மாமனார் மருமவன் மாதிரி கீதே!" கையிலிருந்த தகட்டைத் தூக்கிக் காட்டினார். "நடுவுல தகடா மாட்டிக்கினு நிக்கிறது என் பொண்ணா?"

மச்சான் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று பார்த்து, நிறுத்திக்கொண்டார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தகடு மாட்டி இறுக்கும்போது, இந்த முறை யாரும் குழாயில் தொங்காமலே போல்ட் இறுகியது. தண்ணீர் ஓட்டினோம். (ஓட்டினோம். கேட்டுக்கொள்ளுங்கள்.) செல்வின் சார் கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. நானும் எனக்குத் தெரிந்ததை ஓதினேன். ஒரு துளிகூடக் கசியவில்லை. பாலைத் திறந்தோம். ஹமீது பாய் மட்டும் வாசலுக்கு வெளியே, குடை விரித்து அதற்குப் பின்னால் நின்றார்.

கடைசிக் குழாயிலிருந்து பால் வந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். வெளிப்புறம் பனி பூத்தது.

கேம்ப் ரோடு பக்கமிருந்து மக்ரிப் பாங்கு கேட்டது. மச்சான் சட்டைப்பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துப் பங்கிட்டார். ஹமீது பாய் பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்து, என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். சாயங்காலம் முழுவதும் ஒரு சொட்டு உள்ளே போய்விடக் கூடாது என்று பாடுபட்ட அதே வாயில் முழு டம்ளரையும் ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சில்லுனு கீது," என்றார். பிறகு, "சக்கர இல்ல."

செல்வின் சார் அன்றே என்னை நிரந்தரமாக்கினார். ஒரே நிபந்தனை: இனிமேல் நான் பிரஷ்ஷைத் தொடக் கூடாது.

ஹமீது பாய் திரும்பும்போது வேனில் ஈரத் தொப்பியைப் பிழிந்து பிழிந்து உதறிக்கொண்டே வந்தாராம். மச்சானுக்குத் தாங்கவில்லை. தாம்பரம் வந்ததும், "இன்னா மாமா, சம்மந்தம் அவ்ளோதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஓடற பையன், ஓடற பையன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாராம் அவர். "இன்னிக்கி என் கண்ணால பாத்தேன். ஓடறான்தான். ஆனா ரொம்ப தூரம் போவ மாட்டான். கேட்டுக்கு முன்னாடியே வுழுந்துடுறான். பொண்ணு குடுக்கலாம்."

நிக்காஹ் நடந்தது. லேசாக நொண்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். சீர் சாமான் வந்து இறங்கியபோது, எவர்சில்வர் தட்டுகள் அடுக்கிக் கயிறு கட்டி வந்தன. அடுக்கின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாகக் குறுக்கே, நகப்பாலீஷில் ஒரு சிவப்புக் கோடு. வண்டியிலிருந்து இறக்கிய பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோடு போட்டது யார் என்று எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. முக்காட்டுக்குள் நஸ்ரினின் தோள் குலுங்கியது.

அதன்பிறகு எத்தனையோ வீடு மாறியாயிற்று. (ஊர் மாறவில்லை. பொழிச்சலூர், பம்மல், செம்பாக்கம் என்று இதற்குள்ளேயேதான் சுற்றுகிறேன். கால் அரித்தால் வாடகை வீட்டை மாற்றிக்கொள்வது.) கோடு அழிய அழிய நஸ்ரின் புதிதாகப் போடுகிறாள். மாமாவுக்கு வயதாகிவிட்டது. ஆனால் நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் பக்கத்தில் நான் ஏதாவது டம்ளரைத் தூக்கினால் போதும், உதட்டை உள்ளுக்கு மடித்து, மூக்கைப் பொத்தி, "ம்ம்ம்!" என்பார். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

வீட்டில் தட்டு கழுவுவது இப்போது என் வேலை. பிரஷ் தொடாமல், நாரால்தான். கழுவி அடுக்கிவிட்டு நகர்ந்தால், நஸ்ரின் வந்து பக்கவாட்டில் குனிந்து பார்ப்பாள். ஒரு தட்டு மாறியிருந்தால் கோடு உடைந்து தெரியும். அவள் திட்ட மாட்டாள். செல்போனை எடுத்து என் முன்னால் ஆட்டுவாள்.

"முருகேசன் அண்ணனுக்குப் போடவா?"